ஓர்க் எப்போது திரும்பி ஓடியது?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது சுற்றி வளைத்த சில இடங்களை மட்டும் குறைத்திருக்கிறேன்.)



போன மாதம் இதே அறையில் பஞ்சமி நிலம் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தைய மாதம் ஆணவக்கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டம். இன்று நான் பகடை உருட்டும் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒருங்கிணைப்பாளர் தோழர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "ஆய்வேட்டை முடிக்காம தள்ளிப்போட இதுவும் ஒரு வழியா?" என்று கேட்டார். ஆமாம், அதுவும் உண்டு.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். "குகைக்குள் போகிறேன்", "கதவை உடைக்கிறேன்" என்று வாயால் சொல்வோம். முடியுமா முடியாதா என்பதை இருபது பக்கப் பகடை தீர்மானிக்கும். 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. எழுதியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் பையன்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து விளையாடுவார்களே, அதுதான்.

இதில் எதிரிகளுக்கென்று தனிப் புத்தகம் உண்டு, மான்ஸ்டர் மேனுவல். அரக்கர்களின் அகராதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எப்படி இருக்கும், என்ன சக்தி, எவ்வளவு அறிவு, எதனால் சாகும் என்று எல்லாம் அதில் இருக்கும். கூடவே இன்னொன்றும் இருக்கும்: அது நல்லதா கெட்டதா. அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எட்டு, ஒன்பது வருடங்களுக்கு முன்னால் பெங்களூரில் ஒரு நண்பரின் வாடகை வீட்டில் சனிக்கிழமைதோறும் விளையாடுவோம். ஐந்து பேர். நான் பாலடின், அதாவது கடவுளுக்குச் சத்தியம் செய்துகொடுத்த புனித வீரன். பேரே கம்பீரமாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் ஓர்க்குகளின் குகை வந்தது. ஓர்க் என்பது கோரைப்பல்லும் முரட்டு உடம்பும் கொண்ட ஒரு கூட்டம். பெரியவர்களையெல்லாம் கொன்று முடித்தோம். மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று குழந்தைகள் ஒளிந்திருப்பதாகக் கதை நடத்தியவர் சொன்னார். என்ன செய்கிறீர்கள்?

மேசை அமைதியானது. ஒரு தோழி, "விட்ருவோமா?" என்றார். இன்னொருவர் புத்தகத்தைப் புரட்டினார். ஓர்க், கேயாட்டிக் ஈவில். கட்டுக்கடங்காத தீமை. அப்போது பேசியவன் நான்தான்: "இப்ப விட்டா பெருசாகித் திரும்பி வரும்." பகடையை உருட்டினேன். நல்ல எண் விழுந்தது. எல்லோரும் சிரித்தோம், பீட்சா வந்தது.

இரவு பேருந்தில் வரும்போதுதான் எனக்கு அந்த வாக்கியத்தை முன்பே எங்கோ கேட்ட நினைவு வந்தது. ஏழெட்டு வயதில் ஊர்த்தெருக்காரர் ஒருவரின் தோப்பில் புளியங்காய் பொறுக்கி மாட்டிக்கொண்டேன். அவர் என் அம்மாவைக் கூப்பிட்டு நிற்கவைத்து, என்னைக் காட்டிச் சொன்னார்: "பாம்புக் குட்டிய சின்னதுலயே அடிக்கணும். பெருசானா கொத்தத்தான் செய்யும். அதுங்க ரத்தம் அப்படி." அம்மா பதில் சொல்லவில்லை. நான் அன்றைக்கு அந்தக் குகையில் மூட்டைக்குப் பின்னால் இருந்தவன். முப்பது வயதை நெருங்கும்போது கையில் பகடையோடு மூட்டைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருக்கிறேன்.

இதைக் கேட்டு யாரும் எனக்காக வருத்தப்பட வேண்டாம். நான் அதன்பிறகு செய்தது, ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோரும் செய்வதுதான். பழைய புத்தகங்களைத் தேடிப்பிடித்துப் படித்தேன்.

1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் ஓர்க்கின் குகையில் ஆண்கள் இத்தனை பேர் என்றால் பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று சதவீதக் கணக்கே இருக்கிறது. கைகாக்ஸ் எழுதி, அறிமுகப் பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்ட 'கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' சாகசத்திலும் பல குகைகளில் பெண்கள், சண்டையிடாத பிள்ளைகள் என்று எண்ணிக்கை தரப்படுகிறது. ஆக, எங்கள் குகையில் வந்த கேள்வி நடத்துநர் புதிதாக யோசித்ததல்ல. அது விளையாட்டின் பிறப்பிலிருந்தே இருக்கிறது.

1978-ல் ஆட்டக்காரர்களுக்கான கையேடு வந்தது. தோழர்களே, அதில் ஹாஃப்-ஓர்க் என்ற பகுதியை நான் வாசித்தபோது எனக்கு மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயத்தைத் திறந்துவிட்டேனோ என்று சந்தேகம் வந்தது. ஹாஃப்-ஓர்க் என்றால் மனிதருக்கும் ஓர்க்குக்கும் பிறந்த பிள்ளை. ஓர்க்குகள் கண்ட இனத்தோடும் கலந்து பெருகும் என்கிறது புத்தகம். அப்படிப் பிறப்பவர்களில் பத்தில் ஒரு பங்குதான் மனிதர் என்று சொல்லி நடமாடும் அளவுக்குத் தோற்றம் கொண்டவர்கள், அவர்களை மட்டுமே நீங்கள் பாத்திரமாக எடுக்கலாம் என்கிறது. 'பார்த்தா அப்படித் தெரியல' என்று கல்லூரியில் நம்மிடம் பாராட்டாகச் சொல்வார்களே, அதை ஒரு விதியாக அச்சடித்தால் இப்படித்தான் இருக்கும்.

அடுத்த அட்டவணை இன்னும் சுவாரஸ்யம். எந்த இனம் எந்தத் தொழிலில் எவ்வளவு உயரம் போகலாம் என்று வரம்பு. மனிதருக்கு எதிலும் இன வரம்பு கிடையாது. பாலடின் மனிதருக்கு மட்டுமே. ஹாஃப்-ஓர்க் பூசாரியானால் நான்காம் படியோடு நிற்க வேண்டும். போர்வீரனானால் பத்து. ஒரே ஒரு தொழிலில் மட்டும் வரம்பே இல்லாமல் உயரலாம்: காசுக்குக் கொலை செய்யும் அசாசின். அம்பேத்கர் 1936-ல் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' நூலில், சாதி உழைப்பைப் பிரிக்கவில்லை, உழைப்பாளரைப் பிரிக்கிறது என்று வாதிட்டதை வாசித்தவர்களுக்கு இந்த அட்டவணையை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு அட்டவணையும் உண்டு. எந்த இனம் எந்த இனத்தை விரும்பும், பொறுத்துக்கொள்ளும், வெறுக்கும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்துக் குறி. பெண் பாத்திரத்தின் வலிமைக்கும் தனி உச்சவரம்பு போட்டிருந்தார்கள், அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

கைகாக்ஸ் மனுவைப் படித்துவிட்டு எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தேவையானது அவர் நாட்டிலேயே இருந்தது. எழுதிய ஆண்டைக் கவனியுங்கள். கலப்புத் திருமணத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1967-ல். அதற்குப் பதினோரு வருடம் கழித்து வந்த புத்தகம் இது. ஓர்க் என்ற பெயர் டோல்கீனிடமிருந்து வந்தது. டோல்கீனே 1958-ல் ஒரு கடிதத்தில் ஓர்க்கின் முகத்தை விளக்கும்போது மங்கோலிய முகத்தின் இழிந்த வடிவம் என்ற பொருளில்தான் எழுதினார். அதே டோல்கீன், ஓர் உயிர் முழுக்கவும் மீட்க முடியாத தீமையாகவே பிறக்க முடியுமா என்று கடைசிவரை குழம்பினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் குழப்பம் விளையாட்டுப் புத்தகத்துக்கு வரவில்லை. முகம் மட்டும் வந்தது.

2005-ல் ஒரு வாசகர் கைகாக்ஸிடம், சரணடைந்த எதிரியை பாலடின் கொல்லலாமா என்ற வகையில் ஒரு கேள்வி கேட்டார். கைகாக்ஸ் பதிலில் கர்னல் சிவிங்டனின் பெயரால் வழங்கும் ஒரு சொலவடையை எடுத்துக் காட்டினார். ஈரு பேனாகும், ஆகவே ஈரையும் நசுக்கு என்பது அதன் பொருள். யார் இந்த சிவிங்டன்? 1864 நவம்பரில் கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் செயென், அரபாஹோ மக்களின் முகாமைத் தாக்கிய படையின் தலைவர். 150 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். குகையில் மூட்டைக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளுக்கு என்ன பதில் என்பதற்கு, விளையாட்டை உருவாக்கியவரிடமிருந்து வந்த மேற்கோள் ஓர் உண்மையான இனப்படுகொலையிலிருந்து வந்தது.

பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 1997 டிசம்பர் 1-ம் தேதி இரவு ரன்வீர் சேனா 58 தலித் மக்களைக் கொன்றது. ஏன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்கள் என்பதற்கு அந்தத் தரப்பின் காரணமாகப் பதிவாகியிருப்பதும் இதுவேதான். பெண்கள் நக்சலைட்டுகளைப் பெறுவார்கள், குழந்தைகள் நக்சலைட்டுகளாக வளர்வார்கள். கொலராடோவும் பாதேயும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"விளையாட்டுதானே தோழர், இதை விளையாடுறவன் எல்லாம் கொலைகாரனா ஆயிடுவானா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். ஆக மாட்டான். நான் இன்னமும் விளையாடுகிறேன். எனக்கு அக்கறை, ஒரு கற்பனை உலகத்தைச் சுதந்திரமாகக் கட்ட உட்கார்ந்தவர்கள், டிராகன் பறக்கலாம், செத்தவன் எழலாம் என்று எல்லாவற்றையும் மாற்றியவர்கள், பிறப்பு குணத்தைத் தீர்மானிக்கும் என்ற ஒன்றை மட்டும் மாற்றத் தோன்றாமல் அப்படியே எடுத்துவைத்தார்களே, அதில்தான்.

சரி, மாறிய கதைக்கு வருவோம்.

2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டுச் சில வாரங்களில், இப்போது விளையாட்டை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. ஓர்க், கறுப்புத் தோல் கொண்ட ட்ரோ போன்றவர்களைக் கொடூரமானவர்களாகச் சித்தரித்தது நிஜ மக்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை நினைவூட்டுகிறது, மாற்றுகிறோம் என்றது. 2016-ல் வெளியிட்ட ஒரு நூலில் ஓர்க் பாத்திரத்துக்கு அறிவில் இரண்டு புள்ளி கழித்திருந்தார்கள், அதை நீக்கினார்கள். 2022-ல் 'ரேஸ்' என்ற சொல்லையே விட்டுவிட்டு 'ஸ்பீஷிஸ்' என்று மாற்றுவதாக அறிவித்தார்கள். 2024-ல் புதிய ஆட்டக் கையேடு, 2025-ல் புதிய மான்ஸ்டர் மேனுவல். அந்த அகராதியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் உண்டு. ஓர்க் இல்லை. ஓர்க் இப்போது அரக்கர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, மனிதர், எல்ஃப்களோடு ஆட்டக் கையேட்டில் இருக்கிறது.

எதிர்ப்பும் வந்தது. அரசியல் நுழைந்துவிட்டது, பாரம்பரியம் போச்சு என்றார்கள். எனக்கு இதில் சிரிப்பு வரும் இடம் ஒன்றுண்டு. இந்தப் பாரம்பரியம் எந்தக் காலத்தில் மாறாமல் இருந்தது? கோபோல்ட் என்ற குட்டி அரக்கனின் பழைய படத்தைப் பாருங்கள், நாய் முகம். 2000-க்குப் பிறகு அது பல்லி, இப்போது டிராகனின் சொந்தக்காரன். ஓர்க் 1977-ல் ஒழுங்கான தீமை, 2000-ல் கட்டுக்கடங்காத தீமை. டோல்கீன் படைப்புகளின் உரிமை பெற்றவர்கள் மிரட்டியதும் ஹாபிட் ஹாஃப்லிங் ஆனது. கிறித்தவப் பெற்றோர்களின் எதிர்ப்புக்குப் பயந்து 1989 பதிப்பில் டீமன், டெவில் பெயர்களையே தூக்கினார்கள், ஹாஃப்-ஓர்க்கையும் சேர்த்துத் தூக்கினார்கள். வக்கீல் நோட்டீசுக்கும் சர்ச்சுக்கும் மாறலாம், கறுப்பின மக்கள் கேட்டால் மட்டும் பாரம்பரியம் போய்விடும்.

ஆனால், நிறுவனத்துக்குக் கைதட்டிவிட்டு உட்கார என்னால் முடியவில்லை. விசர்ட்ஸ், ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனியின் கிளை. விற்பனை அவர்களுக்கு முக்கியம். 2022 ஆகஸ்டில், அறிக்கை விட்டு இரண்டு வருடம் கழித்து, ஹடோசி என்ற குரங்கு மக்களைப் பற்றி அவர்களே வெளியிட்டதைப் பாருங்கள். ஒரு மந்திரவாதி பிடித்து அறிவு கொடுத்து அடிமையாக விற்கப் பார்க்க, அவனுடைய சீடர்கள் இரங்கி விடுவித்தார்களாம். அறிவும் எசமான் கொடுத்தது, விடுதலையும் எசமான் வீட்டிலிருந்து வந்தது. எதிர்ப்பு கிளம்பி அடுத்த மாதமே மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள்.

அதைவிட நுட்பமான இடம் புதிய மான்ஸ்டர் மேனுவலில் இருக்கிறது. விளையாட்டில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வகை உண்டு. 'ஹியூமனாய்ட்' என்றால் மனிதத்தன்மை கொண்டது. ஒருவரை வசியப்படுத்தும் மந்திரம், அசையாமல் நிறுத்தும் மந்திரம், இரண்டின் பெயரிலும் 'பர்சன்' என்ற சொல் இருக்கிறது. அவை ஹியூமனாய்டின் மீதுதான் பலிக்கும். 2014 பதிப்பில் கோப்ளின், நோல், கோபோல்ட் எல்லாம் ஹியூமனாய்ட். 2025-ல் கோப்ளின் தேவதை வகைக்குப் போய்விட்டது. கோபோல்ட் டிராகன் வகை. கழுதைப்புலி முகம் கொண்ட நோல், பிசாசு வகை. அந்த 'பர்சன்' மந்திரம் இனி இவர்கள் மீது பலிக்காது, ஏனென்றால் இவர்கள் பர்சன் அல்ல.

என்ன நடந்திருக்கிறது பாருங்கள். ஒரு மனிதக் கூட்டத்தைப் பிறவியிலேயே கெட்டது என்று சொல்வது தவறு என்று ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டபின் இரண்டு வழி இருந்தது. ஒன்று, பிறவிக் கெடுதி என்பதை விடுவது. ஓர்க்குக்கு அதைச் செய்தார்கள். இரண்டு, அந்தக் கூட்டத்தை மனிதக் கணக்கிலிருந்து வெளியே எடுப்பது. நோலுக்கு அதைச் செய்தார்கள். குரல் கொடுக்க ஆளிருந்த கூட்டம் உள்ளே வந்தது, மற்றது இன்னும் வெளியே தள்ளப்பட்டது. பட்டியல் திருத்தம் என்ற சொல் நமக்குப் புதிதில்லை. யார் பெயர் எந்தப் பட்டியலுக்குப் போகிறது என்பதை இரண்டு முறை படிக்கப் பழகியவர்கள் நாம்.

கலப்புப் பிள்ளையும் போய்விட்டது. 2024 கையேட்டில் ஹாஃப்-ஓர்க், ஹாஃப்-எல்ஃப் என்ற பாத்திரங்கள் இல்லை. 'பாதி' என்று அழைப்பது அவமானம் என்ற காரணம் எனக்குப் புரிகிறது. அதற்காகப் பெயரை மாற்றலாம், ஆளையே ஏன் எடுக்க வேண்டும்? எங்கள் மேசையில் சாதி மறுப்புத் திருமணத்தில் பிறந்த ஒரு தோழர் இருக்கிறார். "என்னை அசிங்கமா எழுதியிருந்தாங்க, சரி, இப்ப எழுதவே இல்லை" என்றார்.

இன்னும் ஒன்று. முன்பு வலிமை, அறிவு போன்றவற்றில் கூடுதல் புள்ளி இனத்தைப் பொறுத்து வந்தது. இப்போது அதைப் 'பின்னணி'க்கு மாற்றிவிட்டார்கள். பின்னணி என்றால் சாகசத்துக்கு வருமுன் நீங்கள் என்னவாக இருந்தீர்கள் என்பது. விவசாயி, பிரபு, அறிஞர், எழுத்தர், இப்படி. விவசாயிக்கு வலிமை, உடலுறுதி, விவேகம் ஆகியவற்றில் புள்ளி ஏற்றலாம். அறிவில் ஏற்ற முடியாது. பிரபுவுக்கு ஏற்றலாம். எழுத்தருக்கு ஏற்றலாம். பிறப்பை எடுத்துவிட்டுத் தொழிலை வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று அமெரிக்காவில் ஒருவர் நினைத்திருக்கிறார். அவர் நம் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. நடத்துநருக்கான நூலில் வேறு பின்னணிகளை நாமே உருவாக்க வழி சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேசையில் முதல் வேலையாக அதைத்தான் செய்தோம்.

இவ்வளவு குறை சொன்னபின், எனக்கு மிகப் பிடித்த ஒரு சிறு மாற்றத்தைச் சொல்ல வேண்டும். யாரும் அதிகம் பேசாதது. பழைய ஓர்க்குக்கு ஒரு பிறவித் திறன் இருந்தது, பெயர் 'அக்ரெசிவ்'. தன் முறையில் அது கூடுதலாக ஓடலாம், ஆனால் கண்ணில் படுகிற, காதில் கேட்கிற எதிரியை நோக்கி மட்டும். 2014-ன் ஹாஃப்-ஓர்க்குக்கோ பிறவியிலேயே மிரட்டும் பயிற்சி உண்டு. புதிய ஓர்க்குக்கு மிரட்டல் இல்லை. அந்த ஓட்டம் இருக்கிறது, பெயர் 'அட்ரினலின் ரஷ்'. இப்போது திசை நிபந்தனை கிடையாது. எந்தப் பக்கமும் ஓடலாம். காயம்பட்டவனை நோக்கி ஓடலாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடலாம். அதே கால்கள்தான். எதிரியைப் பார்த்து மட்டுமே வேகமெடுத்த உடம்பு அல்லவா என்று யோசித்தால், ஒரு வரி விதிமாற்றம் என்னென்ன செய்யும் என்பது தெரியும்.

கடைசியாக, என் பெரியப்பா.

அவர் பெயர் இராவணன். தாத்தா திராவிடர் கழகக் கூட்டங்களுக்குச் சைக்கிளில் போனவர். மூத்த பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார். பெரியப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பல்லி விழுந்தால்கூடப் பதறுவார். ஒரு சனிக்கிழமை கதை நடத்துநர் மேசையில் ஒரு பொம்மையை வைத்தார். புலித்தலை, பட்டு அங்கி. "நம்ம ஊர் மான்ஸ்டர்!" என்று ஒருவர் கைதட்டினார். ராட்சசன். 1977 புத்தகத்திலிருந்தே இருக்கிறான். முதலில் இந்தியாவில் அறியப்பட்டவன், இப்போது பரவி வருகிறான் என்று ஏதோ தொற்றுநோயைப் போல அறிமுகப்படுத்துகிறது அந்த நூல். நம் மனதைப் படித்து, நமக்கு நம்பிக்கையானவரின் உருவத்தில் வருவான், மனித மாமிசம் தின்பான். எதனால் சாவான்? ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில்லின் அம்பால்.

வால்மீகியில் குறுக்குவில் ஏது என்று தேடினால், விடை 1974-ல் வந்த 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் இருக்கிறது. அதில் சிகாகோவில் ஒரு ராட்சசன் வருவான், அதே வேஷம், அதே அம்பு. 2025 புத்தகத்திலும் ஆசீர்வாதம் பெற்றவர் கையிலிருந்து வரும் குத்தும் ஆயுதம்தான் அவனுடைய பலவீனம். இதற்கு நடுவில் 2009-ல் ஒரு பதிப்பு, தேவர்கள் கெட்டுப்போனால் மறுபிறவியில் ராட்சசர்களாகப் பிறப்பார்கள் என்றது. கர்ம வினையும் கப்பலேறிவிட்டது.

அரை நூற்றாண்டாக ஓர்க் இவ்வளவு மாறியும் ராட்சசன் ஏன் அப்படியே பிசாசாக நிற்கிறான்? ஓர்க்கின் தரப்பில் பேச அங்கே ஆட்கள் வந்தார்கள். இவனுக்காக அங்கே இன்னும் யாரும் பேசவில்லை. விளையாடும் இந்தியர்களில் பலருக்கு அதில் புகாரும் இல்லை, பெருமைதான்.

ஆனால் இங்கே பேசியவர்கள் உண்டு, அதுவும் டோல்கீன் பிறப்பதற்கு முன்னாலேயே. ஜோதிராவ் பூலே 1873-ல் 'குலாம்கிரி' எழுதினார். தசாவதாரக் கதைகளை எடுத்து, அரக்கர் என்று சொல்லப்பட்டவர்கள் இந்த மண்ணில் உழுதவர்கள், வாமனன் மிதித்தது ஒரு நல்ல அரசனை என்று வரிவரியாகத் திருப்பிப் படித்தார். அந்த நூலை அவர் யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? கறுப்பின அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்கு. பெரியார் 1930-ல் 'இராமாயணப் பாத்திரங்கள்' எழுதினார். அதன் இந்தி வடிவத்தை 1969-ல் உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. வழக்கு நடந்தது. 1976-ல் உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஜார்க்கண்டில் அசுர் என்ற பெயரிலேயே ஒரு பழங்குடி மக்கள் இருக்கிறார்கள், இரும்பு உருக்கியவர்கள். மகிஷாசுரனைத் தங்கள் மூதாதை என்கிறார்கள். ஊரெல்லாம் துர்கா பூசை கொண்டாடும் நாட்களை அவர்களில் பலர் துக்க நாட்களாக அனுசரிக்கிறார்கள். அங்கே அரக்கனின் குணத்தை மாற்ற ஒரு திருத்தப் பக்கம் போதுமாக இருந்தது. இங்கே மாற்றிப் படித்தவர்கள் ஏழு வருடம் நீதிமன்றம் ஏறினார்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் புலித்தலைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு நிதானமாகப் பார்த்தார். "இது எதுக்குடா செத்துப்போகும்?" என்றார். விதியைச் சொன்னேன். "யாரு ஆசீர்வாதம் பண்ணணும்?" என்று கேட்டார். புத்தகத்தில் அதைச் சொல்கிற வரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர், "சரி, உன் ஆட்டத்துல நான் சேரலாமா? எனக்கு இவன்தான் வேணும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வீடியோ காலில் சேர்த்துக்கொண்டோம். விதிப்படி ராட்சசன் ஆட்டக்காரரின் பாத்திரம் அல்ல. நாங்களே எழுதினோம். பின்னணி என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். லைன்மேன் என்றார்.